உரைப்பத்தி வினாவில் மதிப்பெண் குறைகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காலாண்டுத் தேர்வு விடைத்தாளைக் கொடுத்த மறுநாள், யாராவது ஒரு தாயோ தந்தையோ வகுப்பறை வாசலில் வந்து நிற்பார்கள். "பாடத்தை எல்லாம் ஒப்பிக்கிறான், டீச்சர். பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால் மட்டும் விட்டுவிடுகிறான். கவனமே இல்லை." பதினெட்டு ஆண்டுகளாக ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கற்பித்து வருகிறேன். வெறும் கவனக்குறைவால் உரைப்பத்தியில் மதிப்பெண் இழந்த பிள்ளைகளை மிகச் சிலராகத்தான் பார்த்திருக்கிறேன். வாசிப்பதிலோ, வாசித்தது புரிவதிலோ, புரிந்ததை எழுதுவதிலோ எங்கோ ஓர் இடத்தில் தடை இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் இன்னும் பத்துப் பயிற்சித் தாள் கொடுப்பதால், பிள்ளை அதே தவறைப் பத்து முறை செய்து பழகுகிறது.

ஆகவே கைடு வாங்குவதற்கும் டியூஷன் சேர்ப்பதற்கும் முன்னால் கீழே உள்ள சோதனையைச் செய்யுங்கள். எங்கே தடை என்று தெரிந்தபின் அந்தத் தலைப்புக்கு மட்டும் போனால் போதும்.

முதலில் பதினைந்து நிமிடச் சோதனை

பிள்ளை இதுவரை பார்த்திராத பத்தியாக இருக்க வேண்டும். பாடநூல் பத்தி வேண்டாம். அதில் நினைவாற்றல்தான் தெரியும். நான் வகுப்பில் பயன்படுத்துவதற்காக எழுதி வைத்திருக்கும் பத்தி இது:

"பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அது மெதுவாக வளரும். விதைத்தவர் அதன் பயனைக் காண்பதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் நம் முன்னோர் பனையை வரிசையாக நட்டனர். அதன் வேர்கள் மண்ணை இறுகப் பற்றிக்கொள்வதால் கரை எளிதில் கரைவதில்லை. ஆண்பனை, பெண்பனை இரண்டிலிருந்தும் பதநீர் இறக்கலாம்; ஆனால் நுங்கு பெண்பனையில் மட்டுமே கிடைக்கும். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வார்கள். பனையேறும் தொழிலாளர் குறைந்துவிட்டதால் பல ஊர்களில் மரங்கள் இருந்தும் பதநீர் கிடைப்பதில்லை."

வினாக்கள்:
1. நுங்கு எந்தப் பனையில் கிடைக்கும்?
2. முன்னோர் ஏரிக்கரைகளில் பனையை நட்டதன் காரணம் என்ன?
3. மரங்கள் இருந்தும் பதநீர் கிடைக்காதது ஏன்?
4. பனையை விதைத்தவரைவிட அவருடைய பிள்ளைகளே அதிகம் பயன்பெறுவர் என்பதை உணர்த்தும் தொடர் எது?
5. பத்திக்குப் பொருத்தமான தலைப்பு இடுக.

முதலில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், எங்கே தடுமாறுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்து, "என்ன சொல்லியிருக்கிறது? உன் பேச்சில் சொல்" என்று கேளுங்கள். கடைசியாகத் தாளைத் திருப்பிக் கொடுத்து விடைகளை எழுதச் சொல்லுங்கள்.

வாசிப்பிலேயே தடுமாறினால் அடுத்த தலைப்புக்குப் போங்கள். வாசிப்பு சரி, சொல்லத் தெரியவில்லை என்றால் அதற்கடுத்த தலைப்பு. நன்றாகச் சொல்லிவிட்டு எழுதும்போது தவறினால் அதன் பின்னுள்ளவை.

ஐயம் வந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது. இதே அளவில் வேறொரு பத்தியை எடுத்து, நீங்களே வாசித்துக் காட்டி, வினாக்களை வாயால் கேளுங்கள். காதால் கேட்டுச் சரியாக விடை சொல்லும் பிள்ளைக்குப் புரிதலில் குறை இல்லை. அச்செழுத்தைச் சொல்லாக்குவதில்தான் குறை. காதால் கேட்டும் புரியவில்லை என்றால் சொல்வளத்திலோ தொடரமைப்பிலோ சிக்கல் இருக்கிறது. இந்த ஒரு சோதனை பெற்றோருக்கு எத்தனையோ மாதங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

அறிகுறி: எழுத்துக்கூட்டி வாசிக்கிறது, வரி தாவுகிறது, நேரம் போதவில்லை

ஆறாம் வகுப்புப் பிள்ளை மேலே உள்ள பத்தியை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் வாசித்துவிடும். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் நான் கவனிக்கத் தொடங்குவேன்.

தாளைப் பாருங்கள். இதுதான் செலவில்லாத காரணம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. வகுப்புத் தேர்வுத் தாள்கள் நகலுக்கு நகலாக எடுக்கப்பட்டு வரும்போது முதலில் அழிவது மெய்யெழுத்தின் புள்ளிகள். புள்ளி போனால் "பற்றி" என்ற சொல் "பறறி" ஆகிவிடுகிறது. தேர்ந்த வாசகருக்குக் கண் தானாகப் புள்ளியை வைத்துக்கொள்ளும். தட்டுத்தடுமாறும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். அதே பத்தியைப் பெரிய எழுத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வேகம் கூடினால் குறை தாளில் இருக்கிறது, அல்லது கண்ணில் இருக்கிறது.

கண். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் "கெ", "கே" இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தான். "செடி" என்பதைச் "சேடி" என்பான். "தேடி" என்பதைத் "தெடி" என்பான். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாட்டை ஒரு வாரம் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் தற்செயலாகக் கரும்பலகையில் கையகல எழுத்தில் எழுதி அவனைப் பக்கத்தில் நிறுத்தி வாசிக்கச் சொன்னபோது ஒன்றுகூடப் பிழையில்லை. அவனுக்குக் கொம்பு தெரிந்திருந்தது. கொம்பின் மேலே இருக்கும் அந்தச் சிறு சுழிதான் புத்தகத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் அவனைக் கடிந்துகொண்டதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோவது, தலையைச் சாய்த்து வாசிப்பது, சற்று நேரத்தில் தலைவலி என்பது, பலகையில் உள்ளதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு எதையும் செய்வதற்கு முன் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசுப் பள்ளிகளில் நடக்கும் கண் பரிசோதனையில் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும்.

வரி தாவுதல். வரியின் கீழே அடிக்குச்சியை வைத்து நகர்த்திக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் குச்சியை விட்டுவிடுவார்கள். தேர்விலும் அடிக்குச்சியை வைத்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.

எழுத்து அறிமுகத்திலேயே குறை. "கொ", "கோ" போன்றவற்றில் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் மறுபக்கம். துணைக்காலைக் கவனிக்காத பிள்ளை "கொடி"யைக் "கெடி" என்று வாசிக்கும். எட்டாம் வகுப்பிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து வந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் அவர்கள். கீழ்வகுப்புப் பாடநூலைக் கையில் கொடுத்தால் கூசிப் போவார்கள். ஆகவே செய்தித்தாள் தலைப்புகளை வாசிக்கக் கொடுங்கள். எழுத்து பெரிது, சொற்கள் குறைவு, பெரியவர்கள் வாசிப்பது. ஒரு நாளைக்குப் பத்துத் தலைப்புகள் போதும்.

பழக்கக் குறைவு. வேறு எந்தக் காரணமும் இல்லையென்றால் இதுதான். ஒரே பத்தியைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு இரண்டு முறை வாசிக்க வைத்து, ஆன நேரத்தை நோட்டில் குறியுங்கள். நேரம் குறைந்துகொண்டே வருவதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாள் புதிய பத்தி.

இரண்டு மாதம் நாள்தோறும் செய்தும் நேரம் குறையவே இல்லை, நேற்று வாசித்த சொல்லையே இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறது, வாயால் கேட்டால் மட்டும் தெளிவாக விடை சொல்கிறது என்றால் வீட்டு வைத்தியத்தை அத்துடன் நிறுத்திவிட்டுக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: சரளமாக வாசிக்கிறது, கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை

பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மேடையில் பேசுவதுபோல் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கும். தாளைக் கவிழ்த்தால் "பனையைப் பற்றி" என்பதோடு நின்றுவிடும்.

குரலிலேயே கவனம் போயிருக்கலாம். முதலில் மௌனமாக வாசிக்க விட்டு, ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நிறுத்தி, "இப்போது என்ன தெரிந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் உரக்க வாசிப்பதைச் சிறிது காலம் தள்ளி வையுங்கள்.

சொல் தெரியாமல் இருக்கலாம். பிள்ளைகள் தெரியாத சொல்லைத் தெரியாது என்று சொல்வதில்லை. தெரிந்த வேறு பொருளை அதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு மாணவி இந்தப் பத்தியை வாசித்துவிட்டு, "பதநீர் எப்படி இறக்கும், டீச்சர்? அதற்கு உயிர் இருக்கிறதா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கு அவள் மேல் மதிப்புதான் கூடியது. பதநீர் இறக்குவதைப் பார்த்திராதவளுக்கு "இறக்கலாம்" என்ற சொல் அப்படித்தான் தோன்றும். அவள் கேட்டுவிட்டாள், கேட்காமல் விட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ. "கரை கரைவதில்லை" என்ற இடமும் அப்படியே: முதல் "கரை" இடம், அடுத்தது செயல். பத்தியை முடித்ததும், "இதில் எந்தச் சொல் உனக்கு வேடிக்கையாகத் தோன்றியது?" என்று கேளுங்கள். "எந்தச் சொல் தெரியவில்லை?" என்றால் ஒன்றும் வராது. ஐம்பது சொற்கள் உள்ள பத்தியில் ஐந்தாறு சொற்கள் தெரியவில்லை என்றால் அந்தப் பத்தி இப்போதைக்கு அந்தப் பிள்ளைக்கு உரியதன்று. எளிதான பத்திக்கு இறங்குங்கள்.

நீண்ட தொடர். எட்டாம் வகுப்புக்கு மேல் பெரும்பாலும் இதுதான் காரணம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் எச்சங்கள் ரயில் பெட்டிபோல் கோத்து நிற்கும்போது, கடைசிக்கு வருவதற்குள் பிள்ளைக்குத் தொடக்கம் மறந்துவிடுகிறது. எடுத்துக்காட்டு:

"பெருமழையில் உடைந்த ஏரிக்கரையை அடைக்க ஊர்மக்கள் திரட்டிய பணத்தில் வாங்கிய மணல் மூட்டைகளை இளைஞர்கள் சுமந்து சென்றனர்."

"பணத்தைத் திரட்டியவர் யார்?" என்று கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் "இளைஞர்கள்" என்றார்கள். முற்றுவினையோடு சேர்ந்து நிற்கும் பெயர் அதுதானே!

இதற்கு நான் கற்றுக்கொடுப்பது, தொடரை வாலிலிருந்து பிடிப்பது. கடைசி வினையின் கீழ்க் கோடு போடு: சுமந்து சென்றனர். யார்? இளைஞர்கள். எதை? மணல் மூட்டைகளை. எந்த மணல் மூட்டை? வாங்கிய மூட்டை. எந்தப் பணத்தில் வாங்கியது? திரட்டிய பணத்தில். திரட்டியது யார்? ஊர்மக்கள். எதற்காக? கரையை அடைக்க. எந்தக் கரை? மழையில் உடைந்த கரை. இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். பிறகு அந்த ஒரு தொடரை நான்கு சிறு தொடராக உடைத்து எழுதச் சொல்லுங்கள்: மழையில் ஏரிக்கரை உடைந்தது. ஊர்மக்கள் பணம் திரட்டினர். அதில் மணல் மூட்டைகள் வாங்கினர். இளைஞர்கள் அவற்றைச் சுமந்து சென்றனர். செய்தித்தாளில் இப்படிப்பட்ட தொடர்களுக்குப் பஞ்சமே இல்லை. நாளுக்கு ஒன்று வீதம் ஒரு மாதம் உடைத்துப் பழகிய பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு உரைநடை எளிதாகிவிடுகிறது.

சுட்டுப்பெயர். "அது", "அதன்", "இவை", "இவர்" வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் பின்னோக்கி அம்பு போடச் சொல்லுங்கள். "அதன் வேர்கள்" என்பதில் "அதன்" எதைக் குறிக்கிறது என்று கேட்டால் "கரை" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. மிக அருகில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அம்பு போட்டால் தவறு உடனே தெரிந்துவிடும்.

அறிகுறி: யார், எங்கே, எப்போது சரி, ஏன், எப்படி என்றால் தவறு

இரண்டாம் வினாவுக்கு என் வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் விடை இது: "ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் நம் முன்னோர் பனையை வரிசையாக நட்டனர்." வினாவில் "முன்னோர்", "ஏரிக்கரை", "நட்டது" என்ற சொற்கள் இருந்தன, அதே சொற்கள் உள்ள வரியைப் பத்தியில் தேடிப் பிடித்து எழுதிவிட்டார்கள். காரணம் அதற்கடுத்த வரியில் இருக்கிறது. "அதன் வேர்கள் மண்ணை இறுகப் பற்றிக்கொள்வதால்" என்று அது தொடங்குவதால் கண் அதன்மேல் விழவில்லை.

சரிசெய்ய இரண்டு வேலைகள்.

ஒன்று, சொல் பொருந்தும் வரியைக் கண்டதும் எழுதத் தொடங்காமல், அதற்கு முந்தைய வரியையும் பிந்தைய வரியையும் வாசிக்க வேண்டும். இதைக் கண்டிப்பாகப் பழக்குங்கள்.

இன்னொன்று, காரணத்தைக் காட்டும் உருபுகளையும் சொற்களையும் அடையாளம் காணப் பழக்குவது: "-ஆல்", "-வதால்", "-ததால்", "ஆகவே", "எனவே", "ஏனெனில்", "அதனால்". "ஏன்" என்ற வினா வந்தால் பத்தியில் இவற்றைத் தேடி வட்டமிட வேண்டும். மூன்றாம் வினாவுக்குரிய "குறைந்துவிட்டதால்" உடனே அகப்படும். "ஆனால்", "எனினும்", "-உம்" வரும் இடங்களிலும் வட்டம் போடச் சொல்லுங்கள். வினா அமைப்பவர்கள் விரும்பும் இடங்கள் அவை. "மரங்கள் இருந்தும்" என்பதில் உள்ள அந்த "உம்" இல்லையென்றால் மூன்றாம் வினாவே இல்லை.

நான்காம் வினாபோல விடை நேராகக் கிடைக்காத வினாவில் பிள்ளை திகைத்தால், "பத்தியில் இது நேராகச் சொல்லப்படவில்லை, ஆனால் எந்த வரியை வைத்துக்கொண்டு நீ இப்படி நினைப்பாய்?" என்று கேளுங்கள். விடை வந்தபின் அந்த வரியைக் கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஊகத்திற்கு ஒரு வரியாவது ஆதாரமாக வேண்டும். சொந்தக் கருத்தை எழுதுவது வேறு, ஊகிப்பது வேறு என்பது இந்தப் பழக்கத்தில் விளங்கிவிடும்.

அறிகுறி: விடை தெரிகிறது, ஆனால் மூன்று வரியை அப்படியே பெயர்த்து எழுதுகிறது

இங்கே பிள்ளையைவிட நம்மீதுதான் குறை அதிகம். நீளமாக எழுதினால் மதிப்பெண் உண்டு என்று அவர்களுக்குக் காட்டியது நாம். முதலில் பிள்ளையிடமே கேளுங்கள்: "இந்த மூன்று வரியில் விடை எந்தச் சொற்களில் இருக்கிறது? கோடு போடு." சரியாகக் கோடு போட்டுவிட்டால் பயத்தில்தான் பெயர்த்து எழுதுகிறது. கோடு போடத் தெரியவில்லை என்றால் முந்தைய தலைப்புக்குத் திரும்புங்கள்.

எழுதும் குறையைத் தீர்க்கத் தமிழிலேயே நல்ல கருவி இருக்கிறது. வினாச்சொல் எந்த உருபோடு வருகிறதோ, விடையும் பெரும்பாலும் அதே உருபோடு முடியும். "யாருக்கு" என்றால் "-க்கு". "யாரால்" என்றால் "-ஆல்". "எதை" என்றால் "-ஐ". "எதில்" என்றால் "-இல்". "ஏன்" என்றால் "-ஆல்" அல்லது "-ஆக". முதல் வினா "எந்தப் பனையில்" என்று கேட்கிறது. விடையும் "பெண்பனையில்" என்று இருக்க வேண்டும். "பெண்பனை" என்று மட்டும் எழுதினால் நான் ஏற்றுக்கொள்வேன், ஆனால் திருத்திக் காட்டுவேன். விடை இந்த உருபோடு பொருந்துகிறதா என்று பார்க்கப் பழகிய பிள்ளைக்கு வேண்டாத சொற்கள் தாமாகக் கழன்றுவிடும். பொதுத்தேர்வில் வரும் விடைக்கேற்ற வினா அமைக்கும் பயிற்சிக்கும் இதுவே அடிப்படை. ஒன்றைக் கற்றால் இரண்டுக்கும் உதவும்.

அறிகுறி: விடை சரி, ஆனால் கேட்டது அதுவன்று

"பொருந்தாததைத் தேர்ந்தெடுக்க" என்ற இடத்தில் பொருந்துவதை எழுதியிருக்கும். "இரண்டு பயன்களைக் குறிப்பிடுக" என்றால் ஒன்றோடு நின்றிருக்கும். வினாவில் என்ன கேட்கிறார்கள் என்று காட்டும் சொல்லுக்கும் எண்ணுக்கும் எதிர்மறைச் சொல்லுக்கும் பென்சிலால் கோடு போட்ட பிறகே பேனாவை எடுக்க வேண்டும் என்று விதி வையுங்கள். வேறு மருந்து தேவையில்லை. ஒரு மாதம் விடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அறிகுறி: தலைப்பு இடுக என்றால் முதல் சொல்லை எழுதிவிடுகிறது

"பனை" என்று எழுதும். தவறன்று, ஆனால் முழு மதிப்பெண்ணுக்குப் போதாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: வளர்ச்சி, கரை, வேர், பதநீர், தொழிலாளர். அவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டும் கயிறு எது என்று கேளுங்கள். "பனையின் பயனும் இன்றைய நிலையும்" என்று எழுதிய மாணவி ஒருத்தி இருந்தாள். நான் எழுதி வைத்திருந்த தலைப்பைவிட அது நன்றாக இருந்தது. அன்றிலிருந்து அதையே சொல்லி வருகிறேன்.

அறிகுறி: உரைநடை சரி, பாடல் வந்தால் தடுமாற்றம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 12 முதல் 15 வரையுள்ள ஒரு மதிப்பெண் வினாக்கள் பாடலைப் படித்து விடையளிப்பவை. அவற்றில் சிலவற்றுக்குப் பாடலின் பொருளே தேவையில்லை. எதுகை கேட்டால் இரண்டாம் எழுத்தைப் பார். மோனை கேட்டால் முதல் எழுத்தைப் பார். இவற்றைக் கண்ணாலேயே எடுத்துவிடலாம். பொருள் புரியவில்லை என்ற பயத்தில் கைக்கு எட்டிய இந்த மதிப்பெண்களையும் விட்டுவிட்டு வருகிறார்கள்.

பொருள் புரியாததற்கு முதன்மையான காரணம் புணர்ச்சி. "வேரிறுகப் பற்றியதால் கரைகாத்த பனையே" என்று எழுதிக் கொடுத்தால், "வேரிறு" என்றால் என்ன என்று கேட்பார்கள். வேர் இறுக என்று பிரித்து எழுதியதும் முகம் மலர்ந்துவிடும். பாடலைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, சொற்களைப் பிரித்து உரைநடை வரிசையில் மாற்றி எழுதுவது. பாடநூலில் ஒவ்வொரு செய்யுளுக்கும் இதைச் செய்த நோட்டு ஒன்று இருந்தால் போதும். பொதுத்தேர்வில் வரும் பாடல் பெரும்பாலும் பாடநூலில் உள்ளதுதான்.

அறிகுறி: வீட்டில் எல்லாம் சரி, தேர்வில் மட்டும் போய்விடுகிறது

நேரத்தைக் குறை சொல்வதற்கு முன், வீட்டில் வினாவை வாசிப்பது யார் என்று பாருங்கள். அம்மா, "மரங்கள் இருந்தும் பதநீர் கிடைக்காதது... ஏன்?" என்று வாசிக்கும்போது அவருடைய குரல் "ஏன்" என்ற சொல்லில் அழுத்தி நிற்கிறது, பாதி விடை அந்தக் குரலிலேயே வந்துவிடுகிறது. தேர்வு அறையில் அந்தக் குரல் இல்லை. ஒரு வாரம் வாயே திறக்காமல், தாளை மட்டும் கொடுத்துப் பாருங்கள். வீட்டிலும் தவறு வரத் தொடங்கினால் உண்மையான குறை இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. மேலே உள்ள தலைப்புகளுக்குத் திரும்புங்கள்.

குரல் காரணமில்லை என்றால், வினாத்தாளை எந்த வரிசையில் எழுதுகிறது என்று கேளுங்கள். உரைப்பத்தியைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளும் பிள்ளைகள் அதிகம், "படித்தது இல்லையே, பிறகு பார்க்கலாம்" என்று நினைக்கிறார்கள். பொதுத்தேர்வில் வினாத்தாளை வாசிக்க மட்டும் 10 நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் முதலில் பத்திக்குரிய வினாக்களை வாசித்து, பிறகு பத்தியை ஒரு முறை முழுதாக வாசித்துவிட்டால், எழுதும்போது இரண்டாம் வாசிப்பே போதும்.

ஆங்கிலத் தாளில் மட்டும் இந்தக் குறை இருந்தால், அது பெரும்பாலும் சொல்வளக் குறைதான். அதே பொருளில் ஒரு தமிழ்ப் பத்தியைக் கொடுத்துப் பாருங்கள். தமிழில் தேர்ச்சி பெற்றால் வாசிக்கும் திறன் பிள்ளையிடம் இருக்கிறது. ஆங்கிலச் சொற்களை மட்டும் கூட்டினால் போதும். இரண்டிலும் விழுந்தால் முதலில் தமிழில் சரிசெய்யுங்கள். வீட்டில் பேசும் மொழியில் நீங்கும் தடை மற்ற மொழியிலும் பாதி நீங்கிவிடும்.

எப்போது பிறரை அழைக்க வேண்டும்

கண்ணில் ஐயம் இருந்தால் உடனே, ஒரு நாளும் காத்திருக்காமல். வாயால் கேட்கும் வினாக்களையே திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்கும் பிள்ளைக்குக் காதுப் பரிசோதனை.

இரண்டு மாத ஒழுங்கான பயிற்சிக்குப் பிறகும் வாசிப்பு நகரவில்லை. "கொம்பு", "துணைக்கால்" போன்ற குறிகள் நிலைக்கவில்லை. ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறது. ஆனால் பேச்சில் அறிவு மின்னுகிறது: இப்படி இருந்தால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை முடிவு செய்வது ஆசிரியரின் வேலையும் இல்லை, பெற்றோரின் வேலையும் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இந்தத் துறையிலேயே பணியாற்றி வருகிறது. இப்படிப்பட்ட கற்றல் குறைபாட்டை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்றுக்கொண்டிருக்கிறது. உரிய மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் ஓடுவதைவிட ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். பரிசோதனைக்கும் சான்றுக்கும் நாளாகும்.

போகும்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பதினைந்து நிமிடச் சோதனையில் நீங்கள் குறித்த நோட்டு, வாசிக்க ஆன நேரங்கள், நீங்கள் வாசித்துக் காட்டியபோது பிள்ளை சொன்ன விடைகள், அதே பிள்ளை தன் கையால் எழுதிய இரண்டு மூன்று விடைத்தாள்கள், இவை எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். விடைத்தாளில் உள்ள பிழைகளைத் திருத்தாமல் அப்படியே காட்டுங்கள்.